ஜே மெக்கினர்னியை எழுத வைத்தது நைட்கிளப்பா, அம்மாவின் சாவா?

வேலவன்:

எண்பதுகளின் நியூயார்க் பற்றி இங்கே பேச்சு வந்தபோது ஒரு நண்பர், “ஜே மெக்கினர்னியா? நைட்கிளப்பில் சுற்றிய ஆள். ஒரு புத்தகம் ஓடியது, அதோடு சரி” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. அவரை நெடுநாளாகப் படித்து வருகிறவன் என்ற முறையில் என் கட்சியைச் சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்க நாவலாசிரியர். 1955-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். வில்லியம்ஸ் கல்லூரியில் படித்து, கொஞ்ச காலம் ஜப்பானில் இருந்துவிட்டு நியூயார்க் வந்தார். ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில், அச்சுக்குப் போகும் கட்டுரைகளில் உள்ள தகவல்களைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை, அனுப்பிவிட்டார்கள். பகலில் அந்த வேலை, இரவில் கிளப், கொகெய்ன். 1984-இல் முதல் நாவல் ‘பிரைட் லைட்ஸ், பிக் சிட்டி’ வந்தது. அவரே திரைக்கதை எழுத, 1988-இல் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நடித்துப் படமானது. அப்புறம் ‘ஸ்டோரி ஆஃப் மை லைஃப்’, ‘பிரைட்னஸ் ஃபால்ஸ்’ என்று நாவல்கள், ‘ஜியா’ என்ற தொலைக்காட்சிப் படத்தின் திரைக்கதை, ஒயின் பற்றிய பத்திகள்.

என் வாதம் இதுதான். அவரைக் கிளப் எழுத்தாளர் என்று சொல்கிறவர்கள் அந்த முதல் நாவலைக் கடைசி வரை படிக்கவில்லை. அது அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பையனின் கதை. அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. மனைவி அமாண்டா மாடல், ஃபேஷன் காட்சிக்குப் பாரிஸ் போனவள் திரும்பவில்லை. அதனால்தான் இவன் இப்படி அழிகிறான் என்று முக்கால்வாசிப் புத்தகம் வரை நம்மை நம்ப வைக்கிறார். அப்புறம் தம்பி மைக்கேல் ஊரிலிருந்து வந்து நிற்கிறான். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது, சாம்பலைக் கரைக்க வேண்டும், அண்ணன் போனை எடுப்பதே இல்லை. அந்த இடத்தில்தான் இவ்வளவு நாளும் எதிலிருந்து ஓடிக்கொண்டிருந்தான் என்பது நமக்குப் புரிகிறது. புற்றுநோயில் படுத்திருக்கும் அம்மா, நீ என்னவெல்லாம் செய்து பார்த்திருக்கிறாய், போதை மருந்து எப்படி இருக்கும் என்று மகனிடம் வெளிப்படையாகக் கேட்க, அவன் மறைக்காமல் சொல்கிற அத்தியாயம் இருக்கிறதே, அதற்கு ஈடாக அந்தத் தலைமுறையில் வேறு யாரும் எழுதவில்லை என்பேன். மெக்கினர்னியின் அம்மாவும் புற்றுநோயில் இறந்தவர்தான்.

கிளப் அவன் ஒளிந்துகொள்ளும் இடம், அவ்வளவுதான்.

தாமரைச்செல்வி:

வேலவன், அம்மா அத்தியாயம் நல்ல அத்தியாயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அத்தியாயத்துக்காகவா அந்தப் புத்தகம் விற்றது? எதற்காக வாங்கினார்கள் என்பதை அட்டையே சொல்கிறது. நியூயார்க்கின் டிரைபெக்கா பகுதியில் ‘ஓடியன்’ உணவகத்தின் நியான் எழுத்து, பின்னால் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம், முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆள். ஓடியன் 1980-இல் திறந்தது. ஓவியர்களும் நடிகர்களும் கிளப்புக்குப் போகும் முன்பும் போய்வந்த பின்பும் கூடிய இடம். ‘இந்த ஊரின் இரவுக்குள் உன்னை அழைத்துப் போகிறேன்’ என்பதுதான் அந்த அட்டை வாசகனுக்குத் தரும் வாக்குறுதி.

புத்தகம் வந்த விதத்தையும் பாருங்கள். வின்டேஜ் கன்டெம்பரரிஸ் வரிசையில் நேரடியாகப் பேப்பர்பேக். பதிப்பாசிரியர் கேரி ஃபிஸ்கெட்ஜான், மெக்கினர்னியின் கல்லூரித் தோழர். கெட்டி அட்டைக்குக் காசில்லாத, இரவில் வெளியே சுற்றுகிற இருபது முப்பது வயதுக்காரர்கள்தான் குறி. அடுத்த வருடம் பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் ‘லெஸ் தேன் ஸீரோ’, அதற்கடுத்த வருடம் டாமா ஜனோவிட்ஸின் ‘ஸ்லேவ்ஸ் ஆஃப் நியூயார்க்’. மூன்று பேரையும் ஒரே கூட்டமாகக் கட்டி, கிளப் வாசலில் படம் எடுத்துப் பத்திரிகைகள் போட்டன. மெக்கினர்னி ஒதுங்கி நின்றாரா? விரும்பி நின்றார். அந்த வெளிச்சத்தை ஏற்றுக்கொண்ட எழுத்தாளரிடம் அதற்கான கணக்கைக் கேட்பதில் என்ன தவறு?

முதல் பக்கத்தை எடுங்கள். விடிகாலை ஆறு மணி, ஒரு கிளப், மொட்டையடித்த பெண் ஒருத்தியோடு பேசிக்கொண்டிருக்கிறான். எந்தக் கிளப் என்றுகூட அவனுக்கு நினைவில்லை. அந்தப் பக்கம் இல்லாமல் அந்த அம்மா அத்தியாயத்தை யாரும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். அதை எழுத அங்கே இருந்திருக்க வேண்டும். கிளப்தான் அவரை எழுத வைத்தது.

வேலவன்:

அந்த முதல் பக்கம் பிறந்த கதையை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மோசமான ஓர் இரவு முடிந்து வீட்டுக்கு வந்து, தன்னைத்தானே திட்டிக்கொள்வதுபோல, ‘நீ’ என்று விளித்துச் சில வரிகள் கிறுக்கி வைத்தார். மறந்தும்விட்டார். பிறகு ‘பாரிஸ் ரிவ்யூ’ இதழில் கதை கேட்டபோது தேடி எடுத்த காகிதம் அது. 1982-இல் சிறுகதையாக வந்து, அப்புறம் நாவலின் முதல் அத்தியாயமானது.

அந்தக் காகிதத்தைக் கதையாக்கிய நேரத்தில் அவர் எங்கே இருந்தார்? நியூயார்க்கில் இல்லை. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில், சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் வகுப்பில். நியூயார்க் வந்த கார்வரோடு பழகும் வாய்ப்பு ஃபிஸ்கெட்ஜான் மூலமாகக் கிடைத்தது. எழுத வேண்டும் என்றால் இந்த ஊரும் இந்த வாழ்க்கையும் உனக்குச் சரிப்படாது என்கிற பொருளில் கார்வர் சொன்னதை மெக்கினர்னி பதிவு செய்திருக்கிறார். கார்வர் யார்? குடியில் கிட்டத்தட்ட செத்து, 1977-இல் அதை விட்டு மீண்டவர். அவர் வாயிலிருந்து வந்தால் அது வெறும் வாத்தியார் அறிவுரை ஆகாது. பனி கொட்டும் அந்தச் சின்ன ஊரில், அங்கே பாடம் நடத்திய எழுத்தாளர் டோபியாஸ் வுல்ஃபும் கார்வரும் வரி வரியாக அடித்துத் திருத்தியதில்தான் இவர் எழுத்தாளர் ஆனார். நாவலை ஆறே வாரத்தில் எழுதினாராம். கிளப்பை விட்டு வெளியேறிய பிறகு.

அப்புறம் அந்தச் சரிபார்ப்பு மேசை. நாவலில் அவனுக்கு வரும் கட்டுரை பிரெஞ்சுத் தேர்தல் பற்றியது. பிரெஞ்சு தெரியும் என்று பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன். எழுதியவர் ஊர்ப்பெயர், கட்சிப்பெயர், தேதி என்று கண்டபடி தப்பு விட்டிருக்கிறார். இவன் தொலைபேசியோடும் அகராதிகளோடும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயர்ச்சொல்லாகச் சரிபார்க்க வேண்டும், இரவெல்லாம் தூங்காத கண்ணோடு. பிழையோடு கட்டுரை அச்சுக்குப் போகிறது, மேலாளர் கிளாரா கூப்பிடுகிறாள். வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவனின் வயிற்றுக் கலக்கம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஊர் உலகத்து உண்மையெல்லாம் சரிபார்க்கிறவன், தன் அம்மா இறந்ததை மட்டும் சரிபார்க்க மறுக்கிறான். நாவலின் முதுகெலும்பு அதுதான். அது அலுவலகத்தில் கிடைத்தது, கிளப்பில் கிடைக்கவில்லை.

நடுநிசி:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் ஒரு கிளப்பில் சவுண்ட் வேலை பார்த்தவன். நாவலின் அந்த ஆறு மணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கிளப் என்றால் பதினொரு மணிக் கூட்டத்தை நினைப்பார்கள். உள்ளே வேலை செய்தவனுக்குத் தெரிந்தது கடைசி மணி நேரம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், கூட்டம் கரைந்துவிட்டிருக்கும், மிச்சம் இருப்பவர்கள் யாரும் சந்தோஷத்துக்காக இருக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போக முடியாதவர்கள்தான் இருப்பார்கள். மெக்கினர்னி கதையைப் பதினொரு மணிக்குத் தொடங்காமல் ஆறு மணிக்குத் தொடங்கினார் பாருங்கள், அங்கேயே வேலவன் சொல்வதும் தாமரை சொல்வதும் ஒரே இடத்தில் வந்துவிடுகிறது. அதை அங்கே நின்றவன்தான் எழுத முடியும். ஆனால் எழுதியது துக்கத்தை.

இன்னொன்று, அந்தக் காலத்துக் கிளப்களை வெறும் குடியும் ஆட்டமும் என்று நினைத்துவிடக் கூடாது. ஹட்சன் தெருவில் ‘ஏரியா’ என்று ஒன்று இருந்தது, 1983 முதல் 1987 வரை. சில வாரங்களுக்கு ஒரு முறை உள்ளே இருப்பதை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிய கருப்பொருளில் திரும்பக் கட்டுவார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உயிருள்ள ஆட்கள் காட்சிப் பொருளாக நிற்பார்கள். 1985-இல் ‘கலை’ என்பதையே கருப்பொருளாக வைத்தபோது வார்ஹோல், பாஸ்கியா, கீத் ஹேரிங் போன்ற பேர்பெற்ற ஓவியர்கள் எல்லாரும் பங்கெடுத்தார்கள். ஓடியனிலிருந்து நடந்து போகும் தூரம். ஓர் இளம் எழுத்தாளன் அங்கே போனதைக் கெட்டுப்போனதாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த ஊரின் கலை அப்போது அங்கேதான் நடந்துகொண்டிருந்தது.

தாமரைச்செல்வி:

நடுநிசி, கெட்டுப்போனார் என்று நான் சொல்லவே இல்லை. என் புகார் வேறு. அங்கே நின்று அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பதுதான்.

அமாண்டாவையே எடுத்துக்கொள்வோம். ஸாக்ஸ் கடைக் கண்ணாடிக்குள் அவளை அச்சாக வைத்துச் செய்த ஒரு பொம்மை நிற்கிறது. இவன் போய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நல்ல காட்சி. ஆனால் நாவல் முழுக்க அமாண்டா அந்தப் பொம்மை அளவுக்குத்தானே இருக்கிறாள்? அவள் ஏன் போனாள், அவளுக்கு என்ன வேண்டியிருந்தது, ஒன்றும் கிடையாது. அலுவலகத்தில் மேகன் என்று ஒருத்தி, இவன்மேல் அக்கறை உள்ளவள். அவள் வீட்டில் சாப்பாடு, ஆறுதல், அவ்வளவோடு அவள் வேலை முடிந்தது. இவனுக்குப் புதிதாகப் பழக்கமான விக்கி கடைசியில் போனில் பேசிக் காப்பாற்றுகிறாள். பெண்கள் எல்லாரும் இவன் துக்கத்துக்குப் பணிவிடை செய்யவே வருகிறார்கள். இறந்துபோன அம்மா உட்பட.

டாமா ஜனோவிட்ஸ் அதே ஊர், அதே வருடங்கள், அதே கிளப்களைப் பற்றி எழுதினார். வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் ஓர் ஓவியனோடு ஒண்டிக்கொண்டு, அவன் துரத்தினால் போக்கிடம் இல்லை என்ற பயத்தில் வாழும் பெண் அவருடைய எலினார். அங்கே கிளப்புக்குப் பின்னால் வாடகை இருக்கிறது. மெக்கினர்னியிடம் வாடகை எங்கே?

மீனாட்சி:

தாமரை அக்கா, நீங்கள் ‘ஸ்டோரி ஆஃப் மை லைஃப்’ பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. 1988-இல் வந்தது. அலிசன் பூல் என்ற இருபது வயதுப் பெண், நடிப்புப் பள்ளி மாணவி, நாவல் முழுக்க அவள் குரல்தான். பணக்கார அப்பா, பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணத்தை அனுப்பவில்லை. தோழிகள், கிளப், கொகெய்ன், யார் யாரோடு என்று கணக்கில்லாத இரவுகள். இதில் அவள் பேசிக்கொண்டே போகிற வேகம் இருக்கிறதே, அது வெறும் பொம்மையின் பேச்சில்லை. யாரிடமும் பொய் சொல்லக் கூடாது என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறாள். நடிப்பு வகுப்பில் மட்டும்தான் தனக்கு உண்மையாக ஏதோ நடக்கிறது என்கிறாள். அந்த வகுப்புக்குத்தான் பணம் இல்லை. வாடகை கேட்டீர்களே, இதோ இருக்கிறது.

அந்தப் பாத்திரம் எவ்வளவு உயிரோடு இருந்தது என்றால், எல்லிஸ் தன்னுடைய ‘அமெரிக்கன் சைக்கோ’வில் அவளைக் கொண்டுவந்தார், ‘கிளாமரமா’விலும் கொண்டுவந்தார். ஒரு நண்பனின் நாவலிலிருந்து இன்னொருவன் ஆளைக் கடன் வாங்குவது லேசில் நடக்காது. விமர்சகர்கள் அன்று அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்கள். பெண்ணின் குரலை எடுத்துக்கொண்டதற்காகச் சிலர், மறுபடி அதே கொகெய்னா என்று சிலர். எனக்கு அதுதான் அவருடைய தைரியமான புத்தகம்.

தாமரைச்செல்வி:

மீனாட்சி, குரல் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது யாருடைய குரல்? தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை வைத்துத்தான் அலிசனை எழுதினேன் என்று அவரே பின்னாளில் சொன்னார். அவளுடைய பேச்சு, அவளுடைய இரவுகள், அவளுடைய அப்பா. அவள் அந்த மேசையில் உட்கார்ந்து பேசினாள், இவர் எழுதிக்கொண்டார். கிளப்பில் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். மறுநாள் யாருக்கு நினைவிருக்கப்போகிறது என்ற நம்பிக்கையில் சொல்வார்கள். எழுத்தாளனுக்கு நினைவிருக்கிறது. எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. எல்லிஸ் கடன் வாங்கினார் என்கிறாயே, ‘அமெரிக்கன் சைக்கோ’வில் அலிசனுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தாயா? அந்த நாவலின் கொலைகார நாயகன் பேட்ரிக் பேட்மனிடம் அடிவாங்குகிறாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

படச்சுருள்:

நாவல்களையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். திரைக்கதைக்கு வாருங்கள், அவர் வாழ்க்கையில் பாதி அடி அங்கேதான் விழுந்தது.

‘பிரைட் லைட்ஸ்’ படம் எடுத்த கதையே ஒரு பாடு. முதலில் ஜாய்ஸ் சோப்ரா இயக்கினார். படப்பிடிப்பு தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அவரை மாற்றிவிட்டு ஜேம்ஸ் பிரிட்ஜஸைக் கொண்டுவந்தார்கள். ‘தி பேப்பர் சேஸ்’, ‘தி சைனா சிண்ட்ரோம்’ எடுத்தவர். ஒளிப்பதிவு யார் தெரியுமா? ‘காட்ஃபாதர்’ எடுத்த கார்டன் வில்லிஸ். அம்மாவாக டயான் வீஸ்ட், அமாண்டாவாக ஃபீபி கேட்ஸ், கூடச் சுற்றும் நண்பன் டாட் அல்லகாஷாக கீஃபர் சதர்லாண்ட். இவ்வளவு பேர் இருந்தும் படம் நிற்கவில்லை. போட்ட காசும் வரவில்லை.

ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஃபாக்ஸ் அப்போது ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ பையன், தொலைக்காட்சியில் ‘ஃபேமிலி டைஸ்’ பையன், அவர் மூக்கில் கொகெய்ன் ஏற்றுவதை ஜனங்கள் நம்பவில்லை என்பார்கள். அது ஒரு காரணம். எனக்குப் பெரிய காரணமாகத் தோன்றுவது வேறு. நாவல் முழுக்க ‘நீ’ என்று போகிறது. படிக்கிறவன் அந்த ‘நீ’யின் சட்டைக்குள் நுழைந்துவிடுகிறான், அவன் செய்யும் அசட்டுத்தனம் எல்லாம் நாமே செய்வதுபோல் சுடுகிறது. கேமரா முன்னால் ஃபாக்ஸ் நின்ற கணமே அது ‘அவன்’ ஆகிவிட்டது. ‘அவன்’ வேலைக்குத் தாமதமாக வருகிறான், ‘அவன்’ அழுகிறான். நமக்கென்ன? கிளாராவைப் பழிவாங்க இரவில் அலுவலகத்துக்குள் ஒரு கீரிப்பிள்ளை மாதிரியான பிராணியைக் கொண்டுவந்து விடுவார்களே, நாவலில் சிரிப்பும் கேவலமும் ஒன்றாக வரும் இடம். படத்தில் அது வெறும் களேபரம். தன் நாவலின் உயிர் எங்கே இருக்கிறது என்று எழுதியவருக்கே திரைக்கதையில் பிடிபடவில்லை.

வேலவன்:

படச்சுருள், அதே ஆள் பத்து வருடம் கழித்து ‘ஜியா’ எழுதினாரே? ஜியா கராஞ்சி பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த மாடல், எழுபதுகளின் கடைசியில் நியூயார்க்கில் கொடிகட்டிப் பறந்தவள், ஹெராயினில் விழுந்து 1986-இல், இருபத்தாறு வயதில், எய்ட்ஸில் இறந்தாள். அந்தப் படத்தின் திரைக்கதையைப் பாருங்கள். அவளை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள், நடுநடுவே அவளுடைய குறிப்பேட்டு வரிகள். அதாவது ஒருத்தியின் உள்ளே நுழைய முடியாது என்று ஒப்புக்கொண்டு, சுற்றி நின்றவர்களின் பேச்சால் அவளைக் கட்டுகிறார்கள். முதல் படத்தில் தவறவிட்ட குரலுக்கு இங்கே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஏஞ்சலினா ஜோலிக்குக் கோல்டன் குளோப் கிடைத்த படம், அவர் யார் என்று உலகம் திரும்பிப் பார்த்த படம். மாடலைப் பொம்மையாக வைத்தார் என்று தாமரை சொன்னதற்கும் இதில் பதில் இருக்கிறது.

படச்சுருள்:

‘ஜியா’வின் திரைக்கதையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, வேலவன். இரண்டாவது பெயர் மைக்கேல் கிறிஸ்டோஃபர், படத்தை இயக்கியவரும் அவர்தான். ‘தி ஷேடோ பாக்ஸ்’ நாடகத்துக்காக 1977-இல் புலிட்சர் விருது வாங்கியவர். சாகப்போகிறவர்களும் அவர்களைச் சுற்றி இருப்பவர்களும் ஒரு பேட்டியாளரிடம் பேசும் நாடகம் அது. நீங்கள் புகழ்கிற அந்தச் சாட்சிப் பேச்சு உத்தி யார் கையிலிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெக்கினர்னி கொண்டுவந்தது அந்த உலகத்தின் வாசனை. ‘ஸ்டூடியோ 54’ கிளப் காலத்து நியூயார்க்கில் யார் எப்படிப் பேசுவார்கள், எந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற விவரம். அது பெரிய சரக்குதான், மறுக்கவில்லை. அவரை நல்ல திரைக்கதையாசிரியர் என்று நிறுவ இந்த ஒரு படம் போதாது.

ஷாஜகான்:

எல்லாரும் எண்பதுகளிலேயே நிற்கிறீர்கள். அதற்குப் பிறகு அவர் எழுதியதில் பெரும்பகுதி ஒயின் பற்றி. ‘ஹவுஸ் அண்ட் கார்டன்’ இதழில் தொடங்கி, ‘பாக்கஸ் அண்ட் மீ’ என்று தொகுப்பு, அப்புறம் ‘வால்ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்தி. 2006-இல் உணவு எழுத்துக்காக ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை தரும் எம்.எஃப்.கே. ஃபிஷர் விருதும் வாங்கினார். எனக்கு இது வருத்தம். கார்வரின் மாணவர், அந்த அம்மா அத்தியாயத்தை எழுதியவர், பணக்காரர்களின் நிலவறையில் எந்தப் புட்டி நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறார். ‘காஸிப் கேர்ள்’ தொலைக்காட்சித் தொடரில் எழுத்தாளராகவே வந்து தலைகாட்டினார். எழுத்தாளன் என்ற வேடம் எழுத்தைத் தின்றுவிட்டது.

வேலவன்:

ஷாஜகான் பாய், ஒயின் எழுதினால் நாவல் எழுதவில்லை என்று ஆகிவிடுமா? ‘பிரைட்னஸ் ஃபால்ஸ்’ படித்தீர்களா? 1987 அக்டோபர் பங்குச் சந்தைச் சரிவை ஒட்டிய நாவல். ரஸ்ஸல் கேலோவே ஒரு பதிப்பகத்தில் வேலை பார்ப்பவன், கடன் வாங்கி அந்தப் பதிப்பகத்தையே வளைத்துப்போடப் பார்க்கிறான். மனைவி கோரின் பங்குத் தரகு வேலையில் இருக்கிறாள். எல்லாருக்கும் கடனில் வாழ்கிற மயக்கம். கொகெய்னும் கிளப்பும் ஓரத்தில்தான், நடுவில் இருப்பது பணம். அதே தம்பதியை வைத்து 2006-இல் ‘தி குட் லைஃப்’, 2016-இல் ‘பிரைட், பிரெஷஸ் டேஸ்’. மூன்று நாவல்களில் ஒரு கல்யாணத்தை இருபது வருடத்துக்குப் பின்தொடர்ந்திருக்கிறார்.

‘தி குட் லைஃப்’ எழுதப்போவதாகச் சொன்னபோது, 2001-இல் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததைப் பற்றி எழுதப் பத்து வருடம் பொறு என்றார் மூத்த நாவலாசிரியர் நார்மன் மெய்லர். இவர் பொறுக்கவில்லை. இடிபாடுகளுக்குப் பக்கத்தில் மீட்புப் பணியாளர்களுக்குச் சாப்பாடு போட்ட இடத்தில் இவரே தன்னார்வலராக நின்றவர், நாவலில் கோரினும் அங்கேதான் நிற்கிறாள். இரவெல்லாம் சாண்ட்விச் கட்டுகிறார்கள், காப்பி ஊற்றுகிறார்கள், சாம்பல் படிந்த ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இவருடைய முதல் நாவலின் அட்டையில் நின்ற அதே கோபுரங்கள்தான். அதை ஒரு கிளப் எழுத்தாளர் எழுதியிருக்க முடியாது.

தாமரைச்செல்வி:

அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் கோரினுக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள் வேலவன். லூக் என்ற பணக்கார ஆளோடு காதல். மூவாயிரம் பேர் இறந்த இடத்தின் ஓரத்தில், வசதியாக வாழும் இருவர் தங்கள் கல்யாணத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். காப்பி வாங்கிப் போகிற அந்தச் சாம்பல் படிந்த ஆட்களில் ஒருவனுக்காவது நாவலில் இடம் உண்டா? இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கிளப் வாசலில் கயிறு கட்டி, யார் உள்ளே யார் வெளியே என்று ஒருவன் நின்று பொறுக்குவானே, அந்தக் கயிறு இவர் நாவல்களிலிருந்து அவிழவே இல்லை.

‘பிரைட்னஸ் ஃபால்ஸ்’ நல்ல நாவல். அதில் ஜெஃப் பியர்ஸ் இருக்கிறான், இளம் வயதில் புத்தகம் போட்டுப் புகழடைந்து, போதையில் சீரழிந்து, கடைசியில் எய்ட்ஸில் சாகிற எழுத்தாளன். 1984-இன் மெக்கினர்னிதான் அவன் என்று யாருக்கும் தெரியும். தன்னையே கொன்றுவிட்டு, பிழைத்தவர்களின் கதையை எழுதப் போய்விட்டார். ஆனால் ஜெஃப் வருகிற பக்கங்களில்தான் அந்த நாவலுக்குச் சூடு இருக்கிறது. அவன் போன பிறகு வந்த இரண்டு நாவல்களிலும் அது இல்லை. கிளப்பை விட்டு வெளியே வந்ததும் அவருக்கு எழுத என்ன மிச்சம் இருந்தது என்பதற்கு நீங்கள் புகழ்கிற அந்த மூன்று நாவல்களே சாட்சி.

மீனாட்சி:

அக்கா, ஜெஃப் அவர்தான் என்றால், சிகிச்சை மையத்தில் அவன் கிடக்கிற பகுதியை மறந்துவிட்டீர்களா? அவனைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே சேர்ப்பது ரஸ்ஸலும் கோரினும்தான். உயிர் நண்பர்கள். அதே நேரம் அவனுக்கும் கோரினுக்கும் நடுவில் முன்பு நடந்தது ரஸ்ஸலுக்குத் தெரியாமல் கிடக்கிறது. கிளப் ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம் என்று நீங்களும் வேலவன் அண்ணனும் பிரித்துப் பேசுகிறீர்கள். அந்த நாவலில் இரண்டும் ஒரே சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

வேலவன்:

மீனாட்சி சொன்ன அந்தப் பகுதியையே பிடித்துக்கொள்கிறேன். தாமரை, ஜெஃப் பக்கங்களில் இருப்பது கிளப்பின் சூடு என்கிறீர்கள். அவன் கிளப்பில் இருக்கும் பக்கங்கள் எத்தனை என்று எடுத்துப் பாருங்கள், சொற்பம். அவன் நம் மனசில் தங்குவது சிகிச்சை மையத்திலும், பிறகு சாவை எதிர்பார்த்துத் தனியாக உட்கார்ந்து எழுதும்போதும். கடைசிக் காலத்தில் அவன் எழுதி வைத்த புத்தகம்தான் அடுத்த நாவல்கள் வரை கோரினையும் ரஸ்ஸலையும் துரத்துகிறது. அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே பையன்தான் இங்கே தன் படுக்கையில் கிடக்கிறான். முதல் நாவலில் பார்த்த அதே கை.

தாமரைச்செல்வி:

அப்படியானால் அதே கை ‘பிரைட், பிரெஷஸ் டேஸ்’ நாவலில் ஏன் விருந்து விருந்தாக எழுதிக்கொண்டு போகிறது? 2008 நிதி நெருக்கடி வருகிறது, மத்தியதர மனிதன் வீட்டை இழக்கிறான், இங்கே யார் எந்த ஒயின் ஊற்றினார் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. ஷாஜகான் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அந்த நாவலில் இருந்து ஓர் அத்தியாயத்தை, அம்மா அத்தியாயத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த ஒன்றை, எடுத்துக் காட்டுங்கள். நான் இன்னொரு முறை படிக்கிறேன்.

வேலவன்:

ரஸ்ஸலின் பதிப்பகம் ஒரு பொய்யான நினைவுக்குறிப்பை நம்பி வாங்கிப் பணத்தையும் பெயரையும் இழக்கிற பகுதி. எழுதியவன் சொன்னது உண்மைதானா என்று யாரும் சரிபார்க்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் பிரெஞ்சுத் தேர்தல் கட்டுரையோடு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவன் எழுதியது அது. அங்கிருந்து தொடங்குங்கள்.